திரு. வயலின் பெட்டி

பெட்டி நாலு விரல்கிடை நீளம் கூடுதலாக இருந்தது.

விமான நிலையத்தின் நாலாம் கவுண்ட்டரில் இருந்தவன் அதை மூன்று தடவை அளந்து பார்த்துவிட்டான். கைப்பைகளை வைத்துப் பார்க்கிற இரும்புச் சட்டத்துக்குள் நேராக நுழைத்தான், சாய்த்து நுழைத்தான். கவிழ்க்கப் போனபோது பெட்டிக்காரி, "ஐயோ, தலைகீழா வேண்டாங்க!" என்று பாய்ந்து பிடித்தாள். அவள் பிடித்தது பெட்டியைத்தான். நடுவில் அவன் கை மாட்டிக்கொண்டது.

"மன்னிச்சுக்குங்க, உள்ள எடுத்துட்டுப் போக முடியாது. சரக்குல போட்டுடலாம். 'உடையும் பொருள்'னு ஸ்டிக்கர் ஒட்டித் தரேன்" என்றான், கையை மெல்ல விடுவித்துக்கொண்டு.

"ஸ்டிக்கர் ஒட்டினா உடையாதா?"

வேலைக்குச் சேர்ந்த எட்டு மாதத்தில் அவன் ஆயிரம் ஸ்டிக்கராவது ஒட்டியிருப்பான். ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை. கீழே சரக்குப் பகுதியில் பெட்டிகள் பறந்து போய் விழுகிற அழகை அவனே பார்த்திருக்கிறான்.

"உடையும்" என்றான்.

அவளுக்கு இருபத்தொரு வயது இருக்கும். அவசரமாக முடிந்த கூந்தல். இடது தாடைக்குக் கீழே பழுப்பாக ஒரு தழும்பு. சுட்டுக்கொண்டாள் போலிருக்கிறது என்று நினைத்தான். வயலினைத் தினமும் ஏழெட்டு மணி நேரம் அழுத்திப் பிடிப்பதால் வருகிற காய்ப்பு அது என்று பிறகுதான் தெரிந்துகொண்டான்.

"முதல் தடவையா வெளிநாட்டுப் போட்டிக்குப் போறேன். இது இல்லாம அங்க போய் என்ன செய்யறது? மத்தவங்களுக்குக் கைதட்டிட்டு வரவா?"

பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. அவன் திரையில் விதிகளைப் புரட்டினான்.

"ஒரு வழி இருக்கு. இதுக்குத் தனியா ஒரு சீட் போட்டுட்டா, பயணி மாதிரி பக்கத்துல உட்கார வச்சுக் கூட்டிட்டுப் போகலாம்."

போட்டி நடத்துபவர்கள் அந்தச் செலவை ஏற்றுக்கொள்வதாக ஒரு கடிதம் அவளிடம் இருந்தது. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தான். கம்ப்யூட்டர் அப்படி நினைக்கவில்லை.

பெயர் கேட்டது. 'வயலின்' என்று அடித்தான். குடும்பப் பெயர் இல்லாமல் நகர மாட்டேன் என்றது. கவுண்ட்டர் மேல் கிடந்ததைப் பார்த்து 'பெட்டி' என்று போட்டான். திருவா, திருமதியா என்று கேட்டது.

"ஏங்க, இது ஆணா, பெண்ணா?"

அவள் நிஜமாகவே யோசித்தாள். "காலையில எழுந்ததும் ஒத்துப்போகாது. மழை வந்தா முறுக்கிக்கும். வேற யாராவது தொட்டா உடனே கோபம் வந்துடும். ஆம்பளைன்னே போட்டுக்குங்க."

"வயசு?"

"செஞ்சு நூத்திநாப்பது வருஷம் ஆச்சு."

நூற்றுப்பத்துக்கு மேல் கம்ப்யூட்டர் நம்பவில்லை. நூற்றுப்பத்து என்று போட்டுப் பட்டனைத் தட்டினான். திரு. வயலின் பெட்டிக்கு போர்டிங் பாஸ் வந்து விழுந்தது.

அவள் இரண்டு பாஸையும் வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். "ஜெயிச்சா உங்களுக்கு வந்து சொல்றேன் சார்" என்றாள். போய்விட்டாள். எல்லாமாக நாலு நிமிஷம்தான். அன்று அவன் அதற்குப் பிறகு வந்த மூன்று பேருடைய பெட்டிகளைத் தவறான ஊர்களுக்கு அனுப்பினான்.

மூன்று மாதம் கழித்து வந்து சொன்னாள்.

"ரெண்டாம் பரிசு! ஆனா முதல் பரிசு வாங்கினவனை ஒருத்தருக்கும் தெரியாது. என்னை எல்லாருக்கும் தெரியும். ஏன் தெரியுமா? நீங்க போட்ட வயசு!"

நூற்றுப்பத்து வயதுப் பயணிக்குக் கம்ப்யூட்டர் தானாகவே சக்கர நாற்காலி ஏற்பாடு செய்திருந்தது. விமானம் இறங்கியதும் வாசலில் ஒரு ஊழியர் நாற்காலியோடு நின்று, "வயலின் பெட்டி ஐயா! வயலின் பெட்டி ஐயா!" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அப்படி யாரும் இல்லை என்றால் அவர் கேட்கவில்லை. ஆளைக் கொண்டுபோய் விட்டதற்குக் கையெழுத்து வாங்காமல் போனால் அவருக்கு வேலை போய்விடுமாம். வேறு வழியில்லாமல் வயலினை அதில் உட்கார வைத்தாள். அவர் பெல்ட்டை மாட்டி, பள்ளம் மேடு பார்த்து, பெற்ற தகப்பனைத் தள்ளுவதுபோலத் தள்ளிக்கொண்டு போனார். வாசலில் நின்ற பத்திரிகைப் படக்காரர்கள் சும்மா விடுவார்களா?

"மறுநாள் முதல் பக்கத்துல நாங்க மூணு பேரும்" என்று சிரித்தாள்.

அவன் சிரிக்கவில்லை. தவறைத் திருத்தாமல் அவனுக்குத் தூக்கம் வராது. "இனிமே அப்படி ஆகாதுங்க. வயசை நாப்பதுன்னு மாத்திடறேன்" என்று அடித்தான்.

முதியவராக இருந்தவரை திரு. பெட்டிக்குக் கிடைக்காத ஒன்று நாற்பது வயதில் கிடைத்தது. அடிக்கடி பறக்கிறவர்களுக்கான உறுப்பினர் அட்டை. அவள் எந்தப் படிவத்தையும் பூர்த்தி செய்யாதவள், அதனால் அவளுக்கு ஒன்றும் சேரவில்லை. வயலினுக்குப் புள்ளிகள் சேர்ந்துகொண்டே போயின. அந்த வருஷம் ஏழு பயணம். எட்டாவது பயணத்தில் கம்ப்யூட்டர் இரண்டு பாஸைத் துப்பியது. திரு. பெட்டிக்கு முன்வகுப்பில் ஜன்னலோர இருக்கை, அவளுக்கு முப்பத்தோராம் வரிசையில் நடு இருக்கை.

"அவரை முன்னாடி அனுப்பிட்டு நான் பின்னாடியா?"

அவன் எல்லாப் பட்டன்களையும் தட்டிப் பார்த்தான். கொடுத்த மரியாதையைத் திரும்ப வாங்கக் கம்ப்யூட்டருக்கு மனசு வரவில்லை. வியர்த்துப்போய், "ஒன்பது மணி நேரம்தாங்க" என்றான்.

ஒன்பது மணி நேரமும் அவள் எக்கி எக்கி முன்வகுப்பை மறைத்துத் தொங்கிய திரைச்சீலையையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். வயலினுக்குச் சூடான துண்டு கொடுத்திருக்கிறார்கள். போர்வை போர்த்தியிருக்கிறார்கள். காலுக்குத் துணிச்செருப்பு கொடுத்திருக்கிறார்கள். பக்கத்து இருக்கையில் இருந்த வெள்ளைத்தாடிக்காரர், "இது யாருடையது?" என்று விசாரித்து அவளை முன்னால் வரவழைத்திருக்கிறார். அவர் ஒரு பெரிய இசைக்குழுவை நடத்துகிறவர். இறங்குவதற்குள் அவளுக்கு மூன்று கச்சேரிகள் நிச்சயமாகிவிட்டன.

அடுத்த தடவை வந்தபோது அந்தத் துணிச்செருப்பைக் கவுண்ட்டர் மேல் வைத்தாள். "அவருக்குக் கால் இல்லை. உங்களுக்குச் சரியா இருக்குமான்னு பாருங்க."

ஒரு அளவு சின்னது. குதிகால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் வீட்டில் அவன் அதைப் போட்டுக்கொண்டேதான் நடந்தான்.

வருஷத்துக்கு ஏழெட்டுப் பயணம், பயணத்துக்கு நாலு நிமிஷம். கூட்டிப் பார்த்தால் வருஷம் முழுவதற்கும் அரை மணி நேரம். மிச்ச நேரத்தில் அவன் அவளைப் பற்றி விமானங்களின் வழியாகத்தான் தெரிந்துகொண்டான். சின்ன ஊர்கள் போய்ப் பெரிய ஊர்கள் வந்தன. ஒரு வாரப் பயணம் மூன்று வாரமாயிற்று. அவள் திரும்பி வருகிற விமானம் இறங்குவது கட்டடத்தின் மறுபக்கம். அங்கே அவனுக்கு வேலை கிடையாது. ஆனாலும் பலகையில் அந்த விமானத்துக்கு நேரே 'தரையிறங்கியது' என்று வந்த பிறகுதான் டீ குடிக்கப் போவான்.

பஸ்ஸில் போகும்போது அவளுடைய பதிவுகளை ஃபோனில் கேட்பான். வாசிக்கத் தொடங்குமுன் ஒரு மூச்சு கேட்கும். பெட்டியைக் கவுண்ட்டர் மேல் தூக்கி வைக்குமுன் அவள் இழுக்கிற அதே மூச்சு. அதற்குப் பிறகு வருகிற இசை அவனுக்கு அவ்வளவாகப் புரியவில்லை. அந்த மூச்சுக்காகத் திரும்பத் திரும்ப முதலிலிருந்து போட்டுக் கேட்பான்.

இதெல்லாம் பக்கத்தில் அஞ்சாம் கவுண்ட்டரில் இருந்த அக்காவுக்குத் தெரியும். இரண்டு பிள்ளைகளின் தாய். எந்தப் பெட்டியையும் தூக்கிப் பார்க்காமலே எடை சொல்லுகிறவள்.

"தம்பி, பேசித் தொலையேன். வாயில என்ன கொழுக்கட்டையா?"

"என்னத்தைக்கா பேசறது? 'ஜன்னலா, நடைபாதையா?'ன்னு கேட்கறதுக்குள்ள நேரம் முடிஞ்சுடுது."

வயலினையும் அவளையும் பிரிக்காமல் இருக்க அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். இரண்டு பேருடைய கணக்கையும் ஒன்றாக இணைத்துவிட்டால் எப்போதும் பக்கத்துப் பக்கத்து இருக்கைதான். இணைக்கப் போனால் கம்ப்யூட்டர், உறவு என்ன என்று கேட்டது. குழந்தை என்று போட வயது இடித்தது. பெற்றோர் என்று போடக் குடும்பப் பெயர் ஒத்துப்போகவில்லை. மிச்சம் ஒன்றுதான் இருந்தது.

"ஒரு விஷயம்… கணவன்னு போடணுங்க. உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே?"

"எங்கம்மா ரெண்டு வருஷமா மாப்பிள்ளை தேடறாங்க. நீங்க ஒரு நிமிஷத்துல முடிச்சுட்டீங்க" என்றாள் அவள். சொல்லிவிட்டு அவனையே பார்த்தாள். "போடுங்க."

அவன் பட்டனைத் தட்டினான். ஆசைப்பட்ட பெண்ணைத் தன் கையாலேயே, தன் கவுண்ட்டரிலேயே, இன்னொருவனுக்கு, அதுவும் மரத்தால் ஆன ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்தவன் உலகத்தில் அவன் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும்.

அன்று சாப்பிடும்போது அவன் அம்மா, ஃபோனில் ஓடிக்கொண்டிருந்த வயலினைக் கேட்டுவிட்டு, "யாருடா அந்தப் பொண்ணு? தினமும் இதையே போட்டுட்டிருக்க?" என்றாள்.

"அவங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சும்மா."

"யாரோட?"

"வயலினோட."

அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். "நல்ல குடும்பமா?" என்று கேட்டாள்.

இருவரும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் போக ஆரம்பித்தார்கள். ஒரு வருஷம் தொந்தரவில்லை. இணைத்த தேதியைத் திருமண நாள் என்று கம்ப்யூட்டர் குறித்து வைத்துக்கொண்டது யாருக்கும் தெரியாது. அடுத்த வருஷம் அதே தேதியில் அவள் நடுவானத்தில் இருந்தபோது ஒலிபெருக்கியில், "இன்று மணநாள் கொண்டாடும் திரு, திருமதி பெட்டி தம்பதிக்கு நம் வாழ்த்துகள்" என்று அறிவித்து, கேக்கோடு வந்துவிட்டார்கள். விமானமே கைதட்டியது. நாலு வரிசை பின்னால் ஒரு பத்திரிகைக்காரர் இருந்தார். இளம் வயலின் மேதையை அவருக்கு அடையாளம் தெரிந்தது. பக்கத்தில் இருந்த கணவனின் தலைதான் தெரியவில்லை, குள்ளம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

'ரகசியத் திருமணம்: யார் இந்தப் பெட்டி?' என்று செய்தி வந்தது. அவளுடைய கச்சேரிகளுக்கு டிக்கெட் கிடைக்காமல் போக ஆரம்பித்தது. பெட்டி என்பவர் கப்பல் கம்பெனி முதலாளி என்றார்கள் சிலர். மரவியாபாரி என்றார்கள் சிலர். இரண்டாவது கூட்டம் ஓரளவு பக்கத்தில் வந்திருந்தது.

அடுத்த பயணத்துக்கு வந்தபோது அவளோடு அவள் அம்மாவும் வந்தாள். நேரே கவுண்ட்டருக்கு வந்து அவனை உச்சி முதல் இடுப்பு வரை பார்த்தாள். மீதியைக் கவுண்ட்டர் மறைத்தது.

"நீதான் என் பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணி வச்சவனா?"

"நான் இல்லைங்கம்மா… கம்ப்யூட்டர்…"

"சொந்தக்காரங்க ஃபோன் பண்ணி, மாப்பிள்ளை ஏன் வெளியவே வரமாட்டேங்கறார்னு கேட்கறாங்க. பெட்டியிலேயே இருக்கார்னு சொல்லவா?"

"அம்மா, சத்தம் போடாத" என்றாள் மகள், உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"பண்ணி வச்சவனே பிரிச்சும் வை. உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்லைங்க."

"தெரியுது" என்றாள் அந்த அம்மா.

உறவை நீக்குவதற்கு இரண்டே காரணங்களைக் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டது. விவாகரத்து என்றால் நீதிமன்றத் தீர்ப்பின் நகல் வேண்டும். மறைவு என்றால் ஒரு கட்டத்தில் டிக் அடித்தால் போதும். இரண்டு பெண்களும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் ஒருவர், "எவ்வளவு நேரம்ப்பா?" என்று இரைந்தார். அவன் டிக் அடித்தான். ஒரு கணம் அவன் நெஞ்சில் வெட்கங்கெட்ட சந்தோஷம் ஒன்று எட்டிப் பார்த்ததை மறைப்பதற்கில்லை.

அன்றைய பயணத்துக்கும் அதற்கடுத்த பயணத்துக்கும் ஏற்கெனவே டிக்கெட் அச்சாகியிருந்ததால் போவதிலும் வருவதிலும் தடங்கல் இல்லை. ஆனால் கச்சேரி நாளன்று, விமானக் கம்பெனியிடமிருந்து அரங்கத்துக்கே ஒரு ஆள் உயர மலர்வளையம் வந்துவிட்டது. 'தங்கள் அன்புக் கணவரின் மறைவுக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள்.' திரை விலகுவதற்குள் அரங்கம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. அவள் வில்லைத் தொட்டதுமே முதல் வரிசையில் கைக்குட்டைகள் வெளியே வந்தன. கடைசியில் இருபது நிமிஷம் எழுந்து நின்று தட்டினார்கள்.

இரண்டு மாதம் கழித்து அவள் கவுண்ட்டரில் குனிந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"'துயரத்தை அறிந்த வில்'னு ஒருத்தர் எழுதியிருக்கார் சார்! அன்னைக்கு எனக்குப் பல்வலி! கன்னம் வீங்கியிருந்தது. அழுது வீங்கினதுன்னு நினைச்சுட்டாங்க. மறுத்து ஒரு வார்த்தை சொல்லிடலாம்னா என் மேனேஜர், இந்த வருஷக் கச்சேரி எல்லாம் முடியட்டும்ங்கறார்."

"எல்லாம் என்னாலதான்" என்றான் அவன், தலையைக் குனிந்துகொண்டு. "தொட்டதெல்லாம் கோணலாப் போகுது."

சிரிப்பு நின்றது. "ஆமா, உங்களாலதான்" என்றாள். பிறகு டேக் ஒட்டுகிற மெஷினைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அடுத்த மாசம் ரொம்பப் பெரிய அரங்கம். ரெண்டாயிரம் பேர். அங்க தனியா வாசிக்கணும்னு பத்து வயசுல இருந்து ஆசை. நீங்க நான் வாசிச்சு ஒரு தடவைகூடக் கேட்டதில்லைல்ல?"

"கேட்டிருக்கேங்க. ஃபோன்ல."

"அது நான் இல்லை. ஃபோன்."

ஏதாவது சொல்லியிருக்கலாம். வாயில் அக்கா சொன்ன கொழுக்கட்டை. "அன்னைக்கு டியூட்டி இருக்கும்" என்றான்.

"ஆமா. இருக்கும்" என்றாள் அவள். பாஸை எடுத்துக்கொண்டு போனாள். அந்தத் தடவை மூன்று நிமிஷம்தான் ஆகியிருந்தது.

அவன் அன்றே முடிவு செய்தான். ஊழியர்களுக்கு வருஷத்துக்கு ஒருமுறை கிடைக்கிற சலுகை டிக்கெட்டை ஆறு வருஷமாக அவன் தொட்டதில்லை. அதை எழுதி வாங்கினான். அரங்கத்தில் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் ஒரு இடம் மிச்சமிருந்தது. அதையும் வாங்கினான். அவளிடம் சொல்லவில்லை. விமானத்தில் இருபத்துமூன்றாம் வரிசையில் ஜன்னல் அவளுக்கு, நடு இருக்கை திரு. பெட்டிக்கு, நடைபாதை இருக்கை அவனுக்கு. இறந்தவர் நடுவில் உட்கார்ந்திருந்தால் என்ன, எட்டிப் பேச முடியாதா?

அந்த நாள் காலையில் அவனுக்கு அரை ஷிஃப்ட். அவளுடைய விமானத்துக்கான கவுண்ட்டரை மூடிவிட்டு, சீருடையைக் கழற்றிவிட்டு, அவனும் ஓடிப்போய் ஏறிக்கொள்ள வேண்டியதுதான். சீருடைக்குள்ளே புதுச்சட்டை போட்டிருந்தான். மேசைக்கடியில் சின்னப் பை. நேரில் கேட்கும்போது அந்த மூச்சு கடைசி வரிசை வரை வருமா என்று காலையிலிருந்து அதே யோசனை.

மூடுவதற்கு இருபது நிமிஷம் இருக்கும்போது அவள் வந்தாள். மூச்சு இழுத்தாள், பெட்டியைத் தூக்கி வைத்தாள். அவன் கம்ப்யூட்டரைத் தட்டினான். அவளுக்கு ஒரு பாஸ் வந்தது. இன்னொன்று வரவில்லை.

'பயணி காலமாகிவிட்டார். இருக்கை ரத்து செய்யப்பட்டு வேறொருவருக்கு வழங்கப்பட்டது.'

வேறு இருக்கை தேடினான். விமானத்தில் ஒரு இடம்கூடக் காலியில்லை.

"என்னாச்சு சார்?"

"ஒண்ணும் இல்லைங்க. அவரு… அவரோட சீட்டு… ஒரு நிமிஷம்."

அவள் திரையை எட்டிப் பார்த்துப் புரிந்துகொண்டாள். ஆனால் பதறவில்லை. "சார், இதுக்கு ஏன் இவ்வளவு… நான் ஒண்ணு சொல்லணும். இந்த வயலின்…"

"நீங்க எதுவும் சொல்லாதீங்க. சரக்குல போகாது. நான் போக விடமாட்டேன். பத்து வயசுல இருந்து ஆசைன்னு சொன்னீங்க."

"அது இல்லை சார், வந்து…"

"நான் பார்த்துக்கறேங்க!"

அவள் அஞ்சாம் கவுண்ட்டரைப் பார்த்தாள். அக்கா டீ குடிக்கப் போயிருந்தாள். நாற்காலி காலியாக இருந்தது. அவள் மறுபடி அவன் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். முகம் சிவந்தது. மூடிக்கொண்டாள்.

அவன் பட்டியலில் கீழே கீழே போனான். இருபத்துமூன்றாம் வரிசை, நடைபாதை இருக்கை. அதில் இருந்த தன் பெயரை ஒருமுறை பார்த்தான். அழித்தான். இந்தத் தடவை ஆளாக இல்லை, இசைக்கருவி என்றே பதிந்தான். பிறகு நடு இருக்கைக்காரரை ஒரு இடம் தள்ளிப் போட்டு, வயலினை அவள் பக்கத்துக்கு நகர்த்தினான். பாஸ் வந்து விழுந்தது.

"கிடைச்சுடுச்சு" என்றான்.

"எப்படி? காலி இல்லைன்னு போட்டிருந்ததே?"

"ஒருத்தர் வரலைன்னு சொல்லிட்டார்."

"அடடா. யாரு?"

"ரொம்ப வேண்டிய ஆள் இல்லை."

அவள் பாஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். போகவில்லை. "நீங்க ஒருநாள் வரணும் சார்" என்றாள். அவ்வளவு மெல்லச் சொன்னாள், பெல்ட் ஓடுகிற சத்தத்தில் பாதி போய்விட்டது.

"வரேங்க" என்றான். "போங்க, கேட் மூடிடுவாங்க. நல்லா வாசிங்க."

அவள் பாதுகாப்புச் சோதனை வரிசை வரை போய், அங்கிருந்து ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அவன் கையை ஆட்டினான். பெட்டியின் நுனி கூட்டத்துக்கு மேலே கொஞ்சநேரம் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

கவுண்ட்டரை மூடினான். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் விமானம் பின்னுக்கு நகர்ந்து, திரும்பி, ஓடுபாதைப் பக்கம் போயிற்று. இருபத்துமூன்றாம் வரிசை எங்கே இருக்கும் என்று ஜன்னல்களை எண்ண ஆரம்பித்தான். பதினைந்து வருவதற்குள் அது வேகமெடுத்துவிட்டது.

அக்கா டீயோடு வந்தாள். மேசைக்கடியில் இருந்த பையைப் பார்த்தாள். பட்டன் அவிழ்த்த சீருடைக்குள்ளே புதுச்சட்டையைப் பார்த்தாள்.

"என்ன தம்பி, நீ ஏறலையா? விமானம் போயிடுச்சே!"

அவன் நடந்ததைச் சொன்னான். திரு. பெட்டி செத்துப்போனது, இருக்கை போனது, தன் இருக்கையைக் கொடுத்தது. "பரவாயில்லைக்கா. வயலினுக்குத் தனி சீட்டு வேணும்ங்கற அந்த விதி இருக்கப் போய்த்தானே அவங்க ஆறு வருஷமா நம்ம கவுண்ட்டருக்கு வந்தாங்க. இல்லைன்னா எல்லாரையும் போல வாசல் மெஷின்லயே பாஸ் எடுத்துட்டுப் போயிருப்பாங்க. விதிக்கு நான் ஒரு சீட்டாவது தரக்கூடாதா?"

அக்கா டீயைக் கவுண்ட்டர் மேல் வைத்தாள். இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"வயலினைக் கையிலேயே எடுத்துட்டுப் போகலாம், சீட்டே வேண்டாம்னு விதியை மாத்தி நாலு வருஷம் ஆச்சுடா, நீ காய்ச்சல்ல படுத்திருந்த வாரம் வந்த அந்தச் சுற்றறிக்கையை உன் கண்ல படாம ஒளிச்சு வைக்கச் சொல்லி என் கையைப் பிடிச்சுக் கெஞ்சினதே அந்தப் பொண்ணுதான்!"